‘லாம்’ என்று முடியும் சொல்

கண்ணு, நீ கடைத்தெருவுக்குப் போயிருக்கும் நேரத்தில் இதை எழுதி உன் பெட்டிமேல் வைத்துவிடப் போகிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவது பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் நேரில் கேட்டால் நீ சிரித்து மழுப்புவாய், எனக்குக் கோபம் வரும், கையில் இருக்கிற பாத்திரத்தை நங்கென்று வைப்பேன், கேட்க வந்தது அதோடு நின்றுபோகும். முந்தாநாள் வேலூரில் டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு உன்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். நீ கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாய். "ஆபரேஷன் பண்ணலாம்னு சொல்றாரும்மா. சரியாயிடலாம்" என்றாய். பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரமாக இடம் பிடித்துக் கொடுத்தாய். திருவண்ணாமலையில் வீட்டுக்கு வந்ததும், வேலையில் சேருவதைத் தள்ளிப்போட்டு ஆபீசுக்கு எழுதப் போகிறேன் என்றாய். சரியாகிவிடும் என்றால் எதற்கடா தள்ளிப்போடுகிறாய்? வருகிற திங்கட்கிழமை நான் கத்திக்குக் கீழே போய்ப் படுக்க வேண்டும். அதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். நீ சொன்ன அந்த ‘லாம்’ எந்த லாம்?

இருபத்து மூன்று வருஷமாகப் பெண்கள் பள்ளியில் தமிழ் நடத்தியவள் கேட்கிறேன், சிரிக்காதே. ‘லாம்’ என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது மூன்று அர்த்தம் சொல்வேன். ‘வீட்டுக்குப் போகலாம்’ என்று ஹெட்மாஸ்டர் சொன்னால் அது அனுமதி. ‘வா, சாப்பிடலாம்’ என்றால் அது கூப்பிடுவது. ‘மழை வரலாம்’ என்றால் அது சந்தேகம். மூன்றுக்கும் ஒரே சொல், ஒரே முகம். எந்த அர்த்தம் என்பது சொல்கிறவன் மனசில் இருக்கிறது, கேட்கிறவன் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறான். சில வருஷமாக இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டதும் உடனே அழித்துவிடுகிறேன். ஏன் என்று உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. என் அண்ணன், உன் மாமா செத்துப்போனது உனக்குத் தெரியும். எப்படிச் செத்தார் என்பதும் தெரியும். எந்தச் சொல்லால் செத்தார் என்பது தெரியாது.

உன் அப்பா செய்த வேலைக்குத்தான் நீயும் போகிறாய். அதே கடலோரப் பக்கம், அதே களிமண். கல்யாணமான புதிதில் அவர் என்ன வேலை செய்கிறார் என்று எனக்குப் புரியவே இல்லை. மலையடிவாரத்தில் பிறந்தவர், சுற்றிலும் கருங்கல். இந்த மனுஷன் போய் சேற்றில் என்ன தேடுகிறார் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்பார்கள். "நம்ம ஊர்ல மலைமேல நெய் ஊத்தறோம், கீழ ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. அதான் வெளியூர் போறேன்" என்பார். ஆறும் கடலும் கோடி கோடி வருஷமாகக் கொண்டுவந்து கொட்டிய மண் அடுக்கடுக்காகப் படிந்து பாறையான இடம் அது. அதற்குள் எண்ணெயோ வாயுவோ இருக்குமா, இருந்தால் எவ்வளவு இருக்கும் என்று மதிப்புப் போட வேண்டும். சின்னச் சின்னக் குழி போட்டு வெடி வைப்பார்களாம், கீழே போய் முட்டித் திரும்பும் அதிர்வைக் காகிதச் சுருளில் பிடிப்பார்களாம். அந்தச் சுருளை இந்தக் கூடத்தில் விரித்துப்போட்டு, அதன்மேல் மண்டியிட்டு உட்கார்ந்து, வளைந்து வளைந்து போகும் கோடுகளைக் கலர் பென்சிலால் தடவிக்கொண்டிருப்பார். லீவில் வந்த மனுஷன் பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல் அதைப் பார்த்தால் எனக்கு எரியுமா எரியாதா? ஒரு நாள் துடைப்பத்தோடு போய் நின்றேன்.

அன்றைக்குத்தான் அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார், அதுவும் என் சமையலறையை வைத்தே. "பால் காய்ச்சணும்னா இன்னா வேணும்? மொதல்ல பால் வேணும். அந்தச் சேத்துல மக்கிப்போன உசுருங்கதான் பால். அப்புறம் அடுப்பு. கீழ போதுமான சூடு இருக்கணும். ஜாஸ்தியானா தீஞ்சுடும், கம்மியானா காயாது. அப்புறம் பாத்திரம், அதுதான் மணல் பாறை. அதுக்கு மேல மூடி, அது களிமண் பாறை. மூடியில ஓட்டை இருந்தா எல்லாம் போச்சு." நான் கேட்டேன், இந்த நாலும் அங்கே இருக்கிறதா என்று. "பால் இருக்கலாம். சூடு இருந்திருக்கலாம். பாத்திரம் இருக்கலாம். மூடி இருக்கலாம்" என்றார். நாலு லாம். அப்படியானால் பத்துக் கிணறு போட்டால் எத்தனையில் வரும் என்று கேட்டேன். "ஒண்ணுல வந்தா பெரிய விஷயம்" என்றார். அந்த ஒன்றுக்காகவா மாசக்கணக்கில் கூடாரத்தில் கிடக்கிறீர்கள் என்று திட்டிவிட்டு, சுருளைத் தாண்டிப் போய்ப் பெருக்கினேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. அவர் எதற்கு ‘லாம்’ போட்டாலும் "பத்துல எத்தனை?" என்று கேட்பேன். அவரும் சொல்லிவிடுவார். தீபாவளிக்கு வருவீர்களா? "வரலாம்." பத்தில் எத்தனை? "ரெண்டு." அந்த வருஷம் அவர் வரவில்லை, நானும் அழவில்லை.

அவர் மதிப்புப் போட்டுக் கொடுத்த இடத்தில் முதல் முறை ஆழக் கிணறு போட்டபோது நீ கைக்குழந்தை. மாசக்கணக்கில் துளை போட்டார்கள். கடைசியில் ஊருக்கு வந்தார், தாடியும் அதுவுமாக. அன்றைக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து உன் மாமாவும் வந்திருந்தார். கடலை மண்டியில் மல்லாட்டை போட்டுவிட்டு வந்த வண்டியோடு அப்படியே ஒரு மூட்டை நமக்கும் கொண்டுவந்து இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு உன் அப்பா, "வறண்ட கெணறு மச்சான்" என்றார். ஒன்றுமே வரவில்லையா என்றதற்கு, தண்ணீர் வந்தது என்றார். மாமா கையில் இருந்த காபியைக் கீழே வைத்துவிட்டார். "தண்ணி வந்துச்சுன்னா அதுக்குப் பேரு வறண்ட கெணறா? இன்னா மாப்ளே படிப்பு இது? அந்தத் தண்ணிய இன்னா பண்ணீங்க?" சிமெண்ட் போட்டு அடைத்துவிட்டோம் என்றார் அப்பா. அது உப்புத் தண்ணீர், பயிருக்கு ஆகாது என்றெல்லாம் விளக்கினார். மாமாவுக்கு அது ஏறவில்லை. தண்ணீர் வந்த கிணற்றை அடைத்தார்கள் என்பதை மட்டும் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஆனால் இன்னொன்றும் அவர் மனசில் அன்றே உட்கார்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். நம்ம மாப்பிள்ளை தேடுகிற இடத்தில் எண்ணெய் வராவிட்டாலும் தண்ணீர் வரும் என்பது.

நீ பத்தாவது படித்த வருஷம் மழை பொய்த்தது, அதற்கு முந்தின வருஷமும் சரியில்லை. கழனி வெடித்துக் கிடந்தது. மாமாவின் கிணற்றில் அடியில் பாறைதான் தெரிந்தது. மாட்டை ஒவ்வொன்றாக ஓட்டிப் போய் விற்றுக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் அனுப்பினார், மாப்பிள்ளை லீவில் இருந்தால் வந்து பார்த்துச் சொல்லச் சொல்லி. நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். போகும் வழியில் அப்பா சொன்னார், "எனக்கு இந்தப் பாறையப் பத்தி அவ்ளோ தெரியாது. நான் பார்க்கறது படிஞ்ச மண்ணு. அங்க அடுக்கு இருக்கும், ஒண்ண வெச்சு இன்னொண்ணச் சொல்லலாம். இது கருங்கல்லு. எங்க விரிசல் இருக்குதோ அங்கதான் தண்ணி. விரிசல் எங்க இருக்குதுன்னு மேல நின்னு எவன் சொல்ல முடியும்?" நான் சொன்னேன், இதையே அண்ணனிடம் சொல்லிவிடுங்கள் என்று. சொல்லியிருப்பார். ஆனால் நம் வீடுகளில் இருக்கும் வழக்கம் உனக்கே தெரியும். அரிசி தீர்ந்துபோனாலும் ‘இல்லை’ என்று சொல்ல மாட்டோம். மச்சான் நிலத்தில் நின்றுகொண்டு, அதுவும் உன் அத்தை, என் அண்ணி, சொம்பில் மோர் கொண்டுவந்து நிற்கும்போது, இல்லை என்ற சொல் எப்படி வாயில் வரும்?

கிணற்று மேட்டில் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். உள்ளே இறங்கிச் சுவரைத் தடவிப் பார்த்தார். மேலே வந்து, "கீழ விரிசல் இருந்தா தண்ணி இருக்கலாம் மச்சான்" என்றார்.

"அப்ப தோண்டலாமா மாப்ளே?"

அப்பா பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தோண்டலாம்."

அவ்வளவுதான். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "படிச்ச வாயால வந்துடுச்சு. இது போதும் எனக்கு" என்று அண்ணியிடம் சொன்னார். அண்ணி அங்கிருந்தே மலைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். "இல்ல மச்சான், அது வந்து..." என்று அப்பா ஆரம்பித்தது எனக்குக் கேட்டது. அதற்குள் மாமா ஆள் கூப்பிடப் போய்விட்டார். அப்பா சொன்னது சந்தேகம். மாமா கேட்டது அனுமதி. அண்ணி கேட்டது அதற்கும் மேலே, வா என்று கூப்பிடுவதைப்போல. மூன்று அர்த்தமும் ஒரே நேரத்தில் ஒரே கிணற்று மேட்டில் நின்றுகொண்டிருந்தன. பத்தில் எத்தனை என்று கேட்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "ஒண்ணு. அதுகூட ஜாஸ்தி" என்றார். போய்ச் சொல்லுங்கள் என்றேன். அடுத்த லீவில் சொல்கிறேன் என்றார்.

அடுத்த லீவு வருவதற்குள் மாமா பாதிப் பாறை உடைத்துவிட்டார். கோடையில் ஒரு நாள் சாயங்காலம் எதிர்பாராமல் நல்ல மழை. ஊரே வாசலில் நின்று நனைந்தது. மறுநாள் காலையில், கிணற்றில் ஊற்று ஏதாவது திறந்திருக்கிறதா பார்க்கிறேன் என்று இறங்கியிருக்கிறார். வருஷக்கணக்கில் காய்ந்துபோன மேல்மண் ஒரே மழையில் ஊறிப்போய் இருந்தது. பக்கச்சுவர் மொத்தமாகச் சரிந்து அவர்மேல் விழுந்தது. எந்தத் தண்ணீருக்காகக் காத்திருந்தாரோ அதுதான் அவரை மூடியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெளியே எடுத்துப் படுக்கவைத்திருந்தார்கள். காதில், மூக்கில் எல்லாம் சிவப்பு மண். அண்ணி என்னைப் பிடித்துக்கொண்டு அழவில்லை. தள்ளி நின்று கேட்டாள்.

"உங்க ஊட்டுக்காரரு இருக்குதுன்னுதானே சொன்னாரு?"

"இருக்கலாம்னு சொன்னாரு அண்ணி."

"அதுக்கும் இதுக்கும் இன்னா வித்தியாசம்?"

இந்தத் தமிழ் டீச்சர் குனிந்து முந்தானையால் அண்ணன் காதிலிருந்த மண்ணைத் துடைத்தாள். அப்பா வாசல் வேப்பமரத்தடியில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல். யாரும் வாங்க என்று சொல்லவில்லை. அதற்கப்புறம் அண்ணி நம் வீட்டு வாசலை மிதிக்க வருஷங்கள் ஆயின. ஆனால் மாமா போன அடுத்த வருஷமே, அவர் வரப்பை ஒட்டிப் பக்கத்துக் கொல்லைக்காரர் போர் போட்டார், தண்ணீர் வந்தது. அப்பா சொன்னது பொய்யில்லை, பார்த்தாயா? பொய் சொல்லியிருந்தால் திட்டியாவது ஆற்றிக்கொண்டிருப்போம்.

நீ ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய், அதனால் அதற்குப் பிறகு இந்த வீடு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. உன் அப்பா வீட்டில் ‘லாம்’ என்ற சொல்லையே விட்டுவிட்டார். காபி குடிக்கலாமா என்று கேட்டால் "குடு" என்பார், இல்லையென்றால் "வேணாம்" என்பார். கோயிலுக்குப் போகலாமா என்றால் எழுந்து சட்டையை மாட்டிக்கொள்வார், வாயால் சொல்ல மாட்டார். ஆபீசுக்கு எழுதும் அறிக்கையில் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் இருக்கலாம், இருக்கலாம் என்றுதான் எழுதினார். அதற்குத்தானே சம்பளம். பிறகு அவர் விட்டுவந்த பக்கத்திலேயே கொஞ்ச தூரம் தள்ளி எண்ணெய் வந்ததாக ரேடியோவில் சொன்னார்கள். சத்தத்தைக் கூட்டி வைத்து முழுசாகக் கேட்டார். "நல்லது" என்றார். ரேடியோவை அணைத்துவிட்டு, அந்தப் பழைய சுருள்களைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னார், பார்க்காமலேயே மறுபடி ஏற்றச் சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார். அவருக்கு எந்த டாக்டரும் எந்த லாமும் சொல்ல நேரம் இருக்கவில்லை. அந்த வகையில் கொடுத்துவைத்தவர்.

இப்போது நீ போகிறாய். உன்னைப் போகாதே என்று சொல்ல மாட்டேன், அது நல்ல வேலை, உனக்குப் பிடித்த வேலை. ஆனால் ஒன்று கேட்டுக்கொள். காகிதத்தில் நீ எத்தனை லாம் வேண்டுமானாலும் எழுது, அதைப் படிக்கிறவர்களுக்கு அதன் எடை தெரியும். கழனியில் குழி போடப் போகும்போது வரப்பில் நின்று ஒருவன் "எண்ணெய் இருக்குதாங்க?" என்று கேட்பான். அவன் அடுத்த போகத்துக்கு நாற்று விடலாமா வேண்டாமா என்பதை உன் வாயைப் பார்த்து முடிவு செய்வான். அவனிடம் இருக்கலாம் என்று சொல்லாதே. "இல்லன்னே வெச்சுக்கினு நாத்து உடுங்க" என்று சொல். அவன் முகம் சுருங்கும், அபசகுனம் பிடித்தவன் என்று உன்னைத் திட்டுவான். திட்டட்டும், உயிரோடு இருந்து திட்டட்டும். அவன் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறான் என்பதைக் கேட்காமல் எவனுக்கும் பதில் சொல்லாதே. அப்பா பாறையைப் பார்த்தார், மாமா முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அவர்மேல் உள்ள கோபம் அது ஒன்றுதான், இத்தனை வருஷம் கழித்தும் ஆறவில்லை.

நேற்று நீ பள்ளிக்கூடத்தில் என் லீவு விஷயமாகப் பேசப் போயிருந்தபோது கீழ்பென்னாத்தூரிலிருந்து உன் அத்தை வந்தாள். அவளாக வந்தாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள், திருவண்ணாமலையில் நாத்தனாருக்கு வயிற்றில் கட்டியாம் என்று. பையில் மல்லாட்டை கொண்டுவந்திருந்தாள். அவள் தலை முழுக்க நரைத்துவிட்டது. எதிரே உட்கார்ந்து டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். நீ சொன்னதையே சொன்னேன், ஆபரேஷன் பண்ணலாமாம், சரியாயிடலாமாம் என்று. வேறு யாராக இருந்தாலும் அண்ணாமலையார் கைவிட மாட்டார் என்று சொல்லியிருப்பார்கள். அண்ணி சொல்லவில்லை. மல்லாட்டையை உரித்துக்கொண்டிருந்த கை நின்றுபோனது.

"லாமா?" என்றாள்.

நான் தலையாட்டினேன்.

உரித்த மல்லாட்டையை என் கையில் வைத்தாள். பிறகு, "நான் வந்து கூட இருக்கறேன். எத்தினி நாளைக்குத் துணி எடுத்துக்கினு வரட்டும்?" என்று கேட்டாள். வித்தியாசம் என்ன என்று அன்றைக்குக் கேட்டவள் அவள். அவளுக்குத் தெரிந்துவிட்டது, எனக்கும் தெரிந்துவிட்டது. இந்த வீட்டில் தெரியாததுபோல நடந்துகொள்வது நீ ஒருத்தன்தான்.

அதனால்தான் கேட்கிறேன். பத்தில் எத்தனை? டாக்டர் உன்னிடம் சொல்லியிருப்பார். நீ கேட்காமல் வந்திருக்க மாட்டாய், நீ உன் அப்பாவின் பிள்ளை. ஆறு, ஏழு என்றால் திங்கட்கிழமை நானே முதல் ஆளாகப் போய்ப் படுத்துக்கொள்கிறேன், நீ கிளம்பிப் போய் வேலையில் சேர். ஒன்று என்றால் கத்தி வேண்டாம். கார்த்திகை தீபத்துக்கு இன்னும் ஒரு மாசம்கூட இல்லை. அதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் மயக்கமாகக் கிடந்து தொலைக்க எனக்கு இஷ்டமில்லை, நம் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து உன்னோடும் அண்ணியோடும் பார்க்க வேண்டும். அப்புறம் நடப்பது நடக்கட்டும். பயமாக இல்லையா என்று கேட்பாய். பயமாகத்தான் இருக்கிறது. ராத்திரியெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழித்துக் கிடக்கிறேன். ஆனால் பாறைமேல் நின்றுகொண்டு தோண்டு தோண்டு என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை.

நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று பார்க்காதே. என் முகத்தைப் பார்த்துச் சொல். வாக்கியம் ‘லாம்’ என்று முடியக் கூடாது. இல்லை என்றால் இல்லை என்றே சொல்லடா. நான் உன் அப்பாவோடு குடித்தனம் செய்தவள், வறண்ட கிணறு எனக்குப் புதிதில்லை. அடுப்படியில்தான் இருக்கிறேன். படித்து முடித்ததும் வா.